பூஜ்யம் என்ற பதிலை வாங்கித் தரும் கேள்விகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றம் கூடும்போதெல்லாம், பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி உயிரிழந்தவர்களைப் பற்றி ஏதாவது ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்புகிறார். கட்சி பார்க்காமல் எழுப்புகிறார்கள், நல்ல விஷயம். அமைச்சர் பதில் சொல்கிறார், மறுநாள் பத்திரிகையில் இரண்டு பத்தி வருகிறது, அத்தோடு சரி. ஆனால் கேள்வியில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே பதிலில் எண் வருமா, பூஜ்யம் வருமா என்பது முடிவாகிறது. நம் உறுப்பினர்களில் பலர் இதை இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

2021ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அந்த பிப்ரவரியில் மக்களவையில் சமூகநீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே ஒரு பதில் அளித்தார். 2020 டிசம்பர் வரையிலான ஐந்தாண்டுகளில் சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்கையில் 340 பேர் இறந்தார்கள் என்றது அது. ஜூலையில் மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கேயும் எல். ஹனுமந்தையாவும் கேட்டபோது, மனிதக் கழிவை மனிதர் அள்ளும் பணியால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்றார் அதே அமைச்சர். ஆறு மாதத்தில் 340 பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. சட்டத்தின் கண்ணோட்டத்தில் இரண்டு பதிலுமே சரி. அதுதான் கொடுமை.

2013ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது மனிதக் கழிவை அகற்றும் பணியில் அமர்த்தத் தடையும் மறுவாழ்வும் பற்றிய சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது இரண்டு வேலைகளைத் தனித்தனியாக வரையறுக்கிறது. முதலாவது, நம் தாத்தா காலத்து எடுப்புக் கக்கூஸ், அதன் கழிவு விழும் திறந்த கால்வாய் அல்லது குழி, ரயில் தண்டவாளம் ஆகியவற்றில் கையால் மலம் அள்ளுவது. இரண்டாவது, பாதுகாப்புக் கருவிகள் கொடுக்காமலும் முன்னெச்சரிக்கைகள் எடுக்காமலும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது. இதற்குச் சட்டம் வைத்த பெயர் ‘அபாயகரமான சுத்தப்பணி’. இன்று ஆள் சாவது பெரும்பாலும் இரண்டாவதில். உறுப்பினர் ‘மலம் அள்ளும் பணியில் எத்தனை பேர் இறந்தார்கள்’ என்று கேட்டால் அதிகாரி முதல் வரையறையைப் பிடித்துக்கொண்டு பூஜ்யம் எழுதிவிடுவார். ‘சாக்கடை, செப்டிக் டேங்க் ஆகியவற்றின் அபாயகரமான சுத்தப்பணியில்’ என்று கேட்டால் எண் வரும். அப்படிக் கேட்டதால்தான் 2019 முதல் 2023 வரை 377 பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அவையில் வைக்கப்பட்டது. 1993 முதலான கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் இருப்பதும் இப்படிக் கேட்ட கேள்விகளால்தான் தெரிய வந்தது. பெருமைப்பட முடியாத முதலிடம்.

எண்ணை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. ஆள் ஏன் சாகிறான் என்பது தெரிந்தால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும். தொட்டியின் வாயருகே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

செப்டிக் டேங்கில் மேலே மிதக்கும் ஆடை, நடுவில் கழிவுநீர், அடியில் கசடு என்று மூன்று அடுக்கு. கசடு அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றும் உருவாகும். மேல் ஆடையும் கெட்டிக் கசடும் வாயுவைச் சிறைபிடித்து வைத்திருக்கும். மூடியைத் திறந்தவுடன் வருவது கொஞ்சம்தான். கழியைவிட்டுக் கிளறும்போதோ, ஒருவர் இறங்கிக் காலை வைக்கும்போதோ மொத்தமும் ஒரே மூச்சில் வெளியேறும். ‘மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டோமே’ என்று மேஸ்திரி சொல்வது உண்மையாகவே இருக்கும். விட்ட காற்று கசடுக்குள் போயிருக்காது, அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவைத் தாண்டினால் அது மூக்கின் மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆயிரத்தை எட்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியில்தான் தேங்கும். விழுந்தவர் முகம் வாயு அதிகமுள்ள இடத்திலேயே கிடக்கும். மேலே நிற்கும் தம்பியோ மச்சானோ கத்திக்கொண்டே உள்ளே குதிப்பார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று சாவு என்ற செய்தி வருவதற்கு இதுதான் காரணம். குடும்பமாக வேலைக்கு வருகிறவர்கள் என்பதால் சாவும் குடும்பமாகவே வருகிறது.

தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பது, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்குவது போன்ற பழைய வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். விளக்கு அணையாமல் எரிந்தால் ஆக்சிஜன் ஓரளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றி விளக்கு எதுவும் சொல்லாது. துணி முகக்கவசம், மருந்துக்கடை முகக்கவசம் இரண்டாலும் பலனில்லை. வடிகட்டிப் பெட்டி பொருத்திய முகமூடியும் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் அது வாயுவை வடிகட்டுமே தவிர ஆக்சிஜனைத் தயாரித்துக் கொடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வர வேண்டும், அல்லது முதுகில் சிலிண்டர் இருக்க வேண்டும். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. இதைக் காட்டும் நான்கு வாயு அளவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். கசடைக் கிளறிய பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். உடலில் வார்ப்பட்டை, தொட்டி வாயின் மேல் நிறுத்திய மூன்றுகால் சட்டமான முக்காலியில் கப்பி. இது இருந்தால் மயங்கியவரை யாரும் இறங்காமலே தூக்கிவிடலாம். பரிசோதனைக்கு வந்த அதிகாரி ‘கையுறை கொடுத்தீர்களா’ என்று கேட்கிறார். முக்காலியைப் பற்றிக் கேட்பவரைக் காண்பது அரிது.

கழிவுநீர் லாரி இருக்கும்போது ஆள் ஏன் இறங்குகிறார்? லாரி நீரை உறிஞ்சும், கெட்டியான கசடை உறிஞ்சாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்தால் கசடு குழம்பாக இருக்கும். பத்து பதினைந்து ஆண்டு விட்டுவிட்டு, கழிப்பறையில் நீர் எதிர்த்து ஏறும் நாளில் போன் செய்தால் அடியில் களிமண்போல் இறுகிக் கிடக்கும். இதற்கு ஆள் தேவையில்லை. கொஞ்சம் கழிவுநீரைத் திருப்பிவிட்டு, அழுத்த நீரைப் பாய்ச்சிக் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், டீசல் செலவாகும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசிய லாரிக்காரருக்கு அது நஷ்டம். ‘ஒரு ஆளை இறக்கி வாளியில் அள்ளிடலாம்ணே’ என்று அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கிறது. கட்டுமானமும் ஒரு காரணம். 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியை இரண்டு அறையாகக் கட்ட வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470. நம் ஊரில் ஒரே அறை, அதற்கும் ஒரே ஒரு மூடி, அந்த மூடியும் போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில்.

புதுத் தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கான்கிரீட் போட்டு மூடிய தொட்டியில் மழைநீர் தேங்கி, சென்ட்ரிங் பலகை அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். பலகை பிரிக்க இறங்கும் கட்டடத் தொழிலாளி மலமே இல்லாத தொட்டியில் மூச்சடைத்துச் சாவார். இவர் எந்தச் சட்டத்தின் கணக்கில் வருகிறார் என்று இதுவரை யாராவது கேட்டார்களா?

பாதாளச் சாக்கடையில் கதை வேறு. அடைப்பு எடுக்கும்போது தண்ணீர் நிற்காத கீழ்ப்புற மேன்ஹோலிலிருந்து, அழுத்த நீரைப் பாய்ச்சும் ஜெட்டிங் குழாயை மேல்நோக்கி அனுப்ப வேண்டும். முனையில் பின்பக்கமாகப் பீறிடும் நீர், குழாயை முன்னே தள்ளி மண்ணைப் பின்னே இழுத்து வரும். அந்த மண்ணை அதே குழியில் உறிஞ்சியில் எடுக்கலாம். அவசரத்தில் நிரம்பி வழியும் மேல்புறக் குழியில் ஆரம்பித்தால் அடைப்பு இன்னும் இறுகும். அப்புறம் மூங்கில் கழி, அப்புறம் ஆள். குறுகிய சந்துக்குள் நுழையக்கூடிய சிறிய வண்டி எத்தனை உள்ளாட்சிகளிடம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி. ஆளுக்குப் பதிலாக மேன்ஹோலில் இறங்க, திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் செய்யும் பாண்டிகூட் ரோபோவும், செப்டிக் டேங்குக்கு சென்னை ஐஐடியின் ஹோமோசெப் ரோபோவும் வந்துவிட்டன. ரோபோ வாங்கியதைப் படத்தோடு வெளியிடுகிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் ஓடியது என்ற பதிவேட்டைத்தான் யாரும் வெளியிடுவதில்லை.

இனி, கேட்க வேண்டியவை. 2013 சட்டத்தின் விதிகளின்படி, பாதுகாப்புக் கருவிகளோடுகூட ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது. நீரேற்று நிலையக் கிணற்றின் அடியில் இருக்கும் பம்பை எடுப்பது, புதிய குழாயைப் பழையதோடு இணைப்பது போல ஒருசில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு; வேறு எதற்காவது இறக்கியே ஆக வேண்டும் என்றால் உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதி தர வேண்டும். ஆகவே முதல் கேள்வி: கடந்த மூன்றாண்டுகளில் மாநில வாரியாக எத்தனை எழுத்து அனுமதிகள் தரப்பட்டன? அனுமதி ஒன்றும் இல்லை, சாவு மட்டும் இருக்கிறது என்றால், அந்த விலக்குக்குள் வராத சாவுகளில், அபாயகரமான சுத்தப்பணிக்கு ஆளை அமர்த்தத் தடை விதிக்கும் 7ஆம் பிரிவு மீறப்பட்டதா என்ற கேள்வி எழும். அடுத்தது, 9ஆம் பிரிவின்கீழ் எத்தனை முதல் தகவல் அறிக்கைகள், எத்தனை குற்றப்பத்திரிகைகள், எத்தனை தண்டனைகள்? முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நடைமுறையில் கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் வழக்கு எழுதி முடித்துவிடுகிறார்கள்.

10ஆம் பிரிவையும் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் வராவிட்டால் நீதிமன்றம் இந்தச் சட்டத்தின்கீழ் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது. இறந்தவரின் மனைவி காரியம் முடித்து, சான்றிதழ்களுக்கு அலைந்து, உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். உயிர் போன வழக்குக்கு இவ்வளவு குறுகிய கெடு எதற்கு? இதைத் திருத்த அரசு யோசிக்கிறதா என்று கேட்க ஒரு வரி போதும். இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால், அவர்களை மலம் அள்ள வைப்பதைக் குற்றமாக்கும், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவு வழக்கில் சேர்க்கப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதில் மேற்சொன்ன மூன்று மாதக் கெடு கிடையாது.

இழப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2014 மார்ச் 27 தீர்ப்பு. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தி, நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம் என்றது. எத்தனை குடும்பங்களுக்கு இன்னும் பழைய தொகையே தரப்படுகிறது என்று கேட்டால் சங்கடமான பட்டியல் வெளிவரும். 2025 ஜனவரி 29 அன்று, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதை நிறுத்தச் சொன்னது அதே நீதிமன்றம். பெருநகரத்தில் நிறுத்தினால் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் என்ன செய்யும் என்பது வேறு கவலை.

இதைப் பொதுச் சுகாதாரம் என்ற ஒரே தலைப்பில் அடக்க முடியாததற்கு அரசே சான்று வைத்திருக்கிறது. இந்தத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் முதலில் விவரம் எடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர், 8.3 சதவீதம் பழங்குடியினர், 14.7 சதவீதம் பிற பிற்படுத்தப்பட்டோர். மீதி எட்டு சதவீதம்தான் மற்றவர்கள். 2025 ஜூலையில் மக்களவையில் வைக்கப்பட்ட சமூகத் தணிக்கையில் ஆராயப்பட்ட சாவுகள் 54. அவற்றில் 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் அணிந்திருக்கவில்லை. மீதி ஐந்து பேரிடம் கையுறை, மிஞ்சிப்போனால் கம் பூட்ஸ், அவ்வளவுதான். வாயு பற்றி மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்: கருவி அணிந்தவர்களாகக் கணக்கில் வருபவர்களும் மூக்குக்கு ஒன்றுமில்லாமல்தான் இறங்கியிருக்கிறார்கள். பலரைக் கூப்பிட்டது அரசு அல்ல, தனியார்தான். எனவே அரசுப் பணியாளர் எண்ணிக்கையை வைத்து மட்டும் பதில் சொல்ல இடம் தரக் கூடாது.

அவை நடைமுறை பற்றியும் சில வார்த்தைகள். சட்டம் சமூகநீதி அமைச்சகத்திடம், சாக்கடை நகர்ப்புற அமைச்சகத்திடம். இரண்டும் வெவ்வேறு நாளில் பதில் சொல்பவை. ஒரே கேள்வியில் இரண்டையும் கேட்டால் பாதி, வேறு துறையைச் சார்ந்தது என்று தட்டிக் கழிக்கப்படும். இரண்டாகப் பிரித்துக் கேட்பதே உத்தமம். மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்வி, அதாவது அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி 20, அதுவும் குலுக்கலில். ஒரு மணி நேரத்தில் வாய்மொழிப் பதில் கிடைப்பது ஐந்தாறுக்கு. எழுத்தில் மட்டும் பதில் வரும் நட்சத்திரம் இல்லாத கேள்வி 230 வரை போகும். எண்கள் வேண்டுமென்றால் அதுதான் சரியான வழி. துணைக் கேள்வி கேட்டு மடக்க நட்சத்திரக் கேள்வியே வேண்டும். கேள்வி நேரத்துக்குப் பின் வரும் பூஜ்ய நேரத்தில் முழங்குவதும், மக்களவையின் 377ஆம் விதியின்கீழ் 250 சொல்லில் வாசிப்பதும் காணொலிக்கு நன்றாக இருக்கும், பதிவேட்டில் எண்ணைக் கொண்டுவராது. வந்த பதில் முழுமையாக இல்லையென்றால், மூன்று நாள் முன்னறிவிப்பில் 55ஆம் விதியின்கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். இந்த வாய்ப்பை ஏனோ நம்மவர்கள் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை.

‘மாநிலங்களிடமிருந்து தகவல் திரட்டப்படுகிறது’ என்று வரும் பதிலைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். அது அரசு தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் அவையின் உறுதிமொழிக் குழு கேட்கும். கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து அந்தக் குழுவுக்கு எழுத வேண்டியது உறுப்பினரின் அலுவலக உதவியாளர் வேலை. பதில் வந்த மறுநாளே அது மறந்துபோகிறது.

டெல்லி வரை போகாமலும் ஒரு கதவு இருக்கிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. மாவட்டத்தின் பட்டியல் சாதிச் சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் பதவிவழி உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு யாரும் கேட்கலாம். கடைசிக் கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது என்பதை முதல் வரியில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விழுப்புரம்